ஒரு காலுக்கு மட்டும் லூசான செருப்பு

உமாமகேஸ்வரி பேருந்து ஓட்டுகிறவள் என்று சொன்னால் புதிதாகப் பழகுபவர்கள் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சுவா சூ காங்கில் புறப்பட்டுத் தேக்கா வழியாகக் கிழக்கே போகும் நீளமான பேருந்தில், இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்டியரிங்தான் முதலில் தெரியும், அப்புறம்தான் அவள் தெரிவாள். ஆனால் காலை நெரிசலில் புக்கிட் தீமா சாலையில் அவள் வண்டியை வளைத்து நிறுத்தத்தோடு ஒட்டினாற்போல் நிறுத்துவதைப் பார்த்தவர்கள் அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இளமை முழுவதையும் அவள் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கழித்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நாற்பது தாண்டிய பிறகு பேருந்து ஓட்டப் பழகப் போகிறேன் என்று வந்து நின்றாள். கணவர் ரகுபதி, ஒரு கொண்டோ குடியிருப்பில் காவல் வேலை பார்ப்பவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “காடியே ஓட்டத் தெரியாதவ, பஸ் ஓட்டப் போறாளாம்.” முதல் தடவையிலேயே தேறி வந்தாள். அன்றிலிருந்து அவர் தன் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம், “என் வொய்ஃப் பஸ் கேப்டன்” என்று கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தொழிற்சாலையில் அவள் பார்த்ததெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்ன மின்சுற்றுப் பலகைகள். இங்கே ஊரே கண்ணாடிக்கு முன்னால் விரிந்து கிடந்தது. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பச்சையாக இருந்தால் கண்ணால் மட்டும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

வலி முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பாகத்தான் வந்தது. தைலம் தேய்த்தாள், பிளாஸ்டர் ஒட்டினாள், தலையணையை முட்டிக்குக் கீழே வைத்துத் தரையில் படுத்தாள். பிறகு அது இறங்கத் தொடங்கியது. வலது பக்கப் பின்புறத்திலிருந்து தொடை வழியாக, கெண்டைக்கால் வழியாக, பெருவிரல் வரைக்கும் சுரீர் சுரீர் என்று இழுத்தது. தும்மினால் உயிர் போனது. வேலை முடிந்து இருக்கையிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பாள். டிப்போவில் கூட ஓட்டும் ஜலாலுதீன் அதைப் பார்த்துவிட்டு, “உமா, எம்சி லீவு எடுத்துட்டு வீட்ல கிட லா, வண்டி எங்கயும் ஓடிடாது” என்பார்.

பாலிகிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது போலத் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாள் கிடைத்தது டிசம்பரில். பொங்கோலில் இருக்கும் மகள் வர்ஷாதான் தொலைபேசியில் மன்றாடி அந்த நாளையும் வாங்கிக் கொடுத்தாள்.

டிசம்பர் வரைக்கும் தாங்கவேண்டுமே. ஒருநாள் பெருமாள் கோயில் பக்கத்தில் சிவப்பு விளக்கில் நின்றபோது வலி காலைப் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபுரத்தைப் பார்த்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடமும் காவடியும் புறப்படுகிற இடம் அது. “முருகா, இங்கேயிருந்து டேங்க் ரோட்டுல உன் கோயில் வரைக்கும் பால்குடம் தூக்கிட்டு நடந்து வரேன். இந்த வலிய மட்டும் எடுத்துடு” என்றாள், வாய்க்குள்ளேயே. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

தீபாவளி முடிந்த சில நாளில் ஒரு காலையில் எழுந்தாள். வலி இல்லை. எழுந்து நின்றாள், குனிந்தாள், வேண்டுமென்றே தும்மிப் பார்த்தாள். இல்லை. காலில் ஒரு மரப்பு இருந்தது, உள்ளங்காலில் மெல்லிய காலுறை போட்டதுபோல. அவ்வளவு நாள் நெருப்பாக எரிந்த இடத்தில் மரப்பு ஒரு குறையா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரகுபதியை எழுப்பி, அவர் கண்ணைத் திறக்கும் முன்பே சொன்னாள்: “போயிடுச்சுங்க. முருகன் எடுத்துட்டான்.”

அன்று மாலையே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி அந்த நாளை ரத்து செய்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் நன்றி சொன்னாள். இவளும் நன்றி சொன்னாள். எவ்வளவு சின்னப் பேச்சு அது என்று பிற்பாடு நினைத்து நினைத்துத்தான் அவளுக்கு மனம் ஆறவே இல்லை.

வர்ஷா விஷயம் கேள்விப்பட்டு அழைத்தாள். “அம்மா, ஏன்மா கேன்சல் பண்ணீங்க? வலி போனது நல்லதுதான். ஸ்கேன்லயும் பார்த்துட்டா நிம்மதிதானே?”

“முருகன் கொடுத்தத டாக்டர்கிட்ட செக் பண்ணச் சொல்றியா? சந்தேகப்படுறதா இருந்தா அப்புறம் எதுக்குடி வேண்டிக்கணும்?”

“நான் அப்படிச் சொல்லலம்மா…”

“நீ ஒண்ணும் சொல்லவேணாம். பூசத்தன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து சேரு.”

ஸ்கேனுக்குப் போகாதே என்று முருகன் யாரிடமும் சொன்னதாகத் தகவல் இல்லை. உமாமகேஸ்வரியாக முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டது கிடைத்தபின் அதைச் சரிபார்ப்பது கொடுத்தவனை அவமானப்படுத்துவது என்று அவளுக்கு மனதாரத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகுதான் செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. வலது கால் செருப்பு மட்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும்போது நாலடி பின்னால் கிடக்கும், யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். தேக்கா சந்தை மாடியில் வாங்கிய புதுச் செருப்பு. கடைக்காரர் கோவிந்தசாமியிடம் நேராகப் போய்ச் சண்டை பிடித்தாள். அவர் வேறு ஜோடி மாற்றிக் கொடுத்தார். அதுவும் விழுந்தது. மறுபடி போனாள்.

கோவிந்தசாமி இரண்டு செருப்பையும் சேர்த்து வைத்து அளந்து காட்டினார். “அக்கா, ரெண்டும் ஒரே சைஸ்தான். ஒரு காலுக்கு மட்டும் எப்படிக்கா லூசாகும்?”

“அத நீங்கதான் சொல்லணும். கண்ட சரக்கையும் இறக்கிட்டு என்னைக் கேக்குறீங்க.”

அவர் அவள் காலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் வார் வைத்த ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். அது கழலவில்லை. அவளுக்கும் நிம்மதி, அவருக்கும் தொல்லை விட்டது. அன்று மட்டும் அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றும். திறந்திருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

வீட்டில் யாரும் செருப்புப் போடுவதில்லை. வேலைக்கு ஷூ, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். நடக்கும்போது வலது பாதம் பட் பட்டென்று தரையில் அடிக்கும் சத்தத்தை ரகுபதி கேட்டிருக்கிறார். வலி போன உற்சாகத்தில் நடக்கிறாள் என்று நினைத்தார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவரும் அதற்குப் பழகிப் போனார்.

தைப்பூசம் வந்தது. முறையாக விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, பெருமாள் கோயிலில் பால்குடம் ஏற்றிக்கொண்டாள். வர்ஷா ஒரு பக்கம், ரகுபதி ஒரு பக்கம். அவள் ஓட்டிப் பழகிய அதே சிராங்கூன் சாலையில் வெறுங்காலோடு நடந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தார் சூட்டில் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அவளுக்கு வலது காலில் சூடே தெரியவில்லை. அதை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

பாதி வழியில் நடைபாதை விளிம்பில் பெருவிரல் இடித்தது. அவள் கவனிக்கவில்லை. பின்னால் வந்த ஒரு பெண்தான், “அக்கா, கால்ல ரத்தம்” என்றாள். குனிந்து பார்த்த ரகுபதி பதறிப்போனார். நகம் பாதி பெயர்ந்து நின்றது.

“உமா, நில்லு. வலிக்குதா?”

பால்குடம் தலையில் ஆடாமல் இருக்க, அவள் முகத்தை மட்டும் திருப்பிச் சிரித்தாள். “வலியே இல்லைங்க.”

பின்னால் வந்த பெண் கைகூப்பினாள். “பாருங்க அவன் அருள. நகம் பேந்திருக்கு, வலியே தெரியல.” சுற்றி நடந்தவர்கள் வேல் வேல் என்று குரல் கொடுத்தார்கள். வர்ஷா மட்டும் அம்மாவின் காலைப் பார்த்தபடியே வந்தாள். உமாமகேஸ்வரி தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நடந்தது கிடையாது.

விபத்து என்று சொல்லமுடியாத அந்த விஷயம் பூசம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு பட்டப்பகலில் நடந்தது. சிராங்கூன் சாலையில் விளக்கு மஞ்சளாகி, ஒருவர் காய்கறித் தள்ளுவண்டியோடு கடக்க இறங்கினார். அவள் காலை எடுத்து பிரேக்கில் வைத்தாள். வைத்ததாக நினைத்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் ஷூவின் முனை பிரேக் கட்டைக்கு அடியில் சிக்கியிருக்கிறது. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பது ஒரு நொடிதான், மறு நொடி கைப்பிரேக்கை இழுத்துவிட்டாள். பேருந்து குலுங்கி, தள்ளுவண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

உள்ளே நின்றுகொண்டிருந்த ஒரு சீனக் கிழவி விழுந்துவிட்டாள். பையிலிருந்த கீரையெல்லாம் சிதறிக் கிடந்தது. உமாமகேஸ்வரி ஓடிப்போய்த் தூக்கினாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம். கிழவி, “ஓகே, ஓகே” என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தட்டலைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

வண்டியை ஓரம் கட்டி, கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். பயணி எழுந்து நடமாடினாள், புகார் எதுவும் இல்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் சமாளிக்கவில்லை. “எனக்குக் கால் சரியில்ல. வேற ஆள அனுப்புங்க, நான் ஓட்டமாட்டேன்” என்றாள். ஜலாலுதீன் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையைத் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளிப்போட்டார். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் அவள் அழுதாள்.

மருத்துவமனையில் ஒரு சீனப் பெண் டாக்டர் அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். இடது பாதம் தூக்கியது. வலது பாதம் தொங்கியது. வலி எப்போது நின்றது என்று கேட்டார். தீபாவளிக்கு அப்புறம் என்றாள். டாக்டர் தொங்கிய பாதத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். நரம்பு நசுங்கும்போது அது வலியாகக் கத்தும். நசுக்கல் விடாமல் நீண்டுபோனால் கத்துவதற்கும் அதற்குத் தெம்பு இருக்காது. வலி நின்று மரப்பும் தளர்ச்சியும் வந்தால், குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஓடிவந்திருக்கவேண்டும்.

ரகுபதி தலையைக் குனிந்துகொண்டார். வர்ஷாவின் முகத்தைப் பார்க்க உமாமகேஸ்வரிக்குத் துணிவில்லை. நான் சொன்னேனே என்று வர்ஷா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உடனே அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை எடுத்தார்கள். முதுகு தேறியது. பாதம் தேறவில்லை. கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் தாங்கியைப் போட்டு, அதற்கு மேல் ஷூ போட்டு நடக்கப் பழக்கினார்கள். பழக்கியவள் அஃப்ரீன் என்கிற இளம்பெண். பந்தை மிதிக்கச் சொல்வாள், துண்டை விரலால் சுருட்டச் சொல்வாள், நேராக நிமிர்ந்து மூச்சு விடச் சொல்வாள். அடம் பிடிக்காமல் சொன்னதைச் செய்கிற நோயாளி என்று உமாமகேஸ்வரிக்கு அங்கே நல்ல பெயர். வீட்டில் இதைச் சொன்னபோது ரகுபதி ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்.

“அஃப்ரீன், எல்லாரும் உங்கிட்ட வலி போகணும்னுதானே வருவாங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஆமா ஆன்ட்டி. உங்களுக்கு மட்டும் நான் வேற சொல்வேன். கால்ல ஊசி குத்துற மாதிரி, எரியிற மாதிரி வந்தா பயப்படாதீங்க. வந்தா நல்லது. நரம்பு எந்திரிக்குதுன்னு அர்த்தம். உடனே எனக்கு மெசேஜ் பண்ணுங்க.”

“வரலைன்னா?”

“நரம்பு ரொம்ப ஸ்லோ ஆன்ட்டி. வெயிட் பண்ணிப் பார்ப்போம்.”

அவள் காத்திருந்தாள். காலை எழுந்ததும் முதல் வேலை பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பது. சமைக்கும்போது ஒரு நினைப்பு, குளிக்கும்போது ஒரு நினைப்பு. முழங்காலுக்குக் கீழே கொஞ்ச தூரம் உணர்வு திரும்பியது. அதற்கே வீட்டில் பாயசம் வைத்தாள். பாதம் அப்படியே கிடந்தது.

நிறுவனம் அவளை நல்லபடியாகத்தான் நடத்தியது. பேருந்துகள் வந்து சேரும் இன்டர்சேஞ்சில், பயணிகளுக்கு வழி சொல்லும் வேலை கொடுத்தார்கள். எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஒரு நாள் ஜலாலுதீன் தன் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டார். வண்டி காலியாக நின்றது, இன்ஜின் அணைந்திருந்தது.

“ஏறி உக்காரு உமா. எவ்வளவு நாளாச்சு.”

கம்பியைப் பிடித்து ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங் கைக்கு வந்ததும் தோள் தானாக நிமிர்ந்தது. வலது காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தாள். வைத்தாளா இல்லையா? தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். கால் பிரேக்கில்தான் இருந்தது. நிமிர்ந்து சாலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மறுபடி காலைக் காணோம். மறுபடி குனிந்தாள். காலை எங்கே வைத்திருக்கிறோம் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள் பேருந்து ஓட்டக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போது, “சீட்டப் பின்னாடி தள்ளி வெச்சிட்டேன் பாய்” என்றாள். ஜலாலுதீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த மருத்துவச் சோதனையில் டாக்டரும் அதைத்தான் சொன்னார். இதற்குமேல் உணர்வு திரும்பினால் உண்டு, உறுதி சொல்லமுடியாது, கனரக வண்டி இனி வேண்டாம். உமாமகேஸ்வரி நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து ரகுபதியிடம், “டேங்க் ரோடு கோயிலுக்குப் போகலாங்க” என்றாள். பால்குடம் செலுத்திய நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படியை மிதிக்கவில்லை. முருகன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம்தான். அவன் கொடுக்காத ஒன்றை அவன் கொடுத்ததாகச் சொல்லி ஊரே கும்பிட நடந்து வந்தவள் அவள்.

கோயில் வாசலில் ஷூவையும் தாங்கியையும் கழற்றவேண்டும். ரகுபதி குனிந்து கழற்றினார். தாங்கி இல்லாத பாதம் கல்தரையில் பட் பட்டென்று அடித்தது. மத்தியான நேரம், கூட்டம் இல்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சந்நிதி வரை போனாள். கண்ணை மூடினாள். பக்கத்தில் ஒரு அம்மாள் முட்டிவலி போகவேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டிருந்தாள். உமாமகேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றிலிருந்து அழுகையும் வந்தது.

மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்தார்கள். ரகுபதி அவள் நெற்றியில் திருநீறு இட்டு, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார்.

“என்ன வேண்டிக்கிட்ட?”

“அன்னிக்குக் கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொன்னேன். அந்த வலியத் திருப்பிக் கொடுன்னு கேட்டேன்.”

அவள் வலது காலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பெயர்ந்த நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

“நீங்க கிள்ளிப் பாருங்க. நான் பாக்கல.”

அவள் முகத்தைச் சந்நிதிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் பெருவிரலைப் பிடித்து, நகத்துக்குப் பக்கத்தில் கிள்ளினார். கிள்ளிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் பலமாக் கிள்ளுங்க” என்றாள்.